1901இல் நாங்கள் பூச்சியமா? ஒரு குடிசன அட்டவணையைத் திருப்பிப் போட்ட கதை

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹந்தானை மலை முழுக்க மூடுபனி. கண்டி ரவுனுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்ன அறையில் நாங்கள் ஆறு பேர், இரண்டு மடிக்கணினி, ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ. மலையக வரலாற்றைப் பற்றி அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. பேச்சு மட்டும் போதாது, ஒரு வரைபும் காட்டினால் நல்லாயிருக்கும் என்று முடிவு பண்ணினோம். குடிசன மதிப்பீட்டு எண்களை எடுத்து, தரவுத்தளத்தில் போட்டு, வருஷ வாரியாக ஒரு அட்டவணை செய்தால் முடிந்தது வேலை. அப்படித்தான் நினைத்தோம்.

அரை மணி நேரத்தில் வரைபு வந்தது. "இந்தியத் தமிழர்" என்ற கோடு 1901இல் தரையில் கிடந்தது. 1911இல் ஒரே தாவலாக 5 இலட்சத்துக்கு மேலே நின்றது.

எங்களில் ஆக இளையவள், உயர்தரம் படிக்கிறவள், திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, 1901ல நம்ம ஆளுங்க ஒருத்தருமே இல்லையா?"

அவளுடைய பாட்டியின் அம்மா புசல்லாவைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தது 1890களில். எங்கள் வரைபின்படி அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன கதை. பாதி கணினி, பாதி சரித்திரம். கணினி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், தேவையானதை மட்டும் சொல்கிறோம்.

நிரையை நிரலாக்குதல் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் நிரை, நிரல் என்று படித்தோம். வாயில் வருவது ரோ, கொலம். படுத்துக் கிடப்பது நிரை, நின்றுகொண்டிருப்பது நிரல். தரவுத்தளத்தில் ஒரு நிரை என்பது ஒரு செய்தி. நாங்கள் உள்ளிட்டது இப்படி இருந்தது. எண்கள் எல்லாம் இலட்சத்தில், கிட்டத்தட்ட:

ஆண்டு | இனம் | எண்ணிக்கை
1901 | தமிழர் | 9.5
1911 | இலங்கைத் தமிழர் | 5.3
1911 | இந்தியத் தமிழர் | 5.3
1946 | இலங்கைத் தமிழர் | 7.3
1946 | இந்தியத் தமிழர் | 7.8
1971 | இலங்கைத் தமிழர் | 14.2
1971 | இந்தியத் தமிழர் | 11.7
1981 | இலங்கைத் தமிழர் | 18.9
1981 | இந்தியத் தமிழர் | 8.2
2012 | இலங்கைத் தமிழர் | 22.7
2012 | இந்தியத் தமிழர் | 8.4

சேமித்து வைக்க இது நல்ல வடிவம். புதிய மதிப்பீடு வந்தால் கீழே ஒரு நிரை சேர்த்தால் போதும். ஆனால் மனிசக் கண்ணுக்கு இது கஷ்டம். நமக்கு ஆண்டு இடது பக்கம் ஒரு தரம் மட்டும் வரவேண்டும், இனங்கள் தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதாவது "இனம்" என்ற நிரலுக்குள் இருந்த பேர்கள் எழுந்து வந்து தாங்களே நிரல்களாக மாற வேண்டும். இதைத்தான் பிவட் என்கிறார்கள், சிலர் குறுக்கு அட்டவணை என்கிறார்கள்.

எஸ்.கியூ.எல். மொழியில் இதற்குப் பழைய, எங்கும் செல்லுபடியாகும் வழி ஒன்று உண்டு. ஆண்டு வாரியாகக் குழுவாக்கு. ஒவ்வொரு குழுவிலும் நிரை நிரையாகப் போய், இனம் "இந்தியத் தமிழர்" என்றிருந்தால் எண்ணிக்கையை எடு, இல்லாவிட்டால் 0 போடு. எடுத்ததைக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகைக்கு "இந்தியத் தமிழர்" என்று தலைப்பு வை. அடுத்த இனத்துக்கும் இதே வரியைத் திரும்ப எழுது. கேஸ், வென், தென், எல்ஸ், எண்ட் என்று ஐந்து சொல், வெளியே ஒரு சம், கடைசியில் ஒரு குரூப் பை. அவ்வளவு தான்.

பிழை எங்கே என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். "இல்லாவிட்டால் 0 போடு". 1901க்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நிரை, அதில் "தமிழர்" என்று மட்டும் இருக்கிறது. எங்கள் வினவல் அதை "இலங்கைத் தமிழர்" இல்லை, "இந்தியத் தமிழர்" இல்லை என்று இரண்டு தடவை தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் பூச்சியம் எழுதிவிட்டது. ஒன்பதரை இலட்சம் பேர், ஒரு எச்சரிக்கைச் செய்திகூட இல்லாமல்.

"எல்ஸ் 0"ஐ எடுத்துவிட்டு ஓடவிட்டோம். இப்போது பூச்சியத்துக்குப் பதிலாக நல் என்று வந்தது. வெறுமை. தரவுத்தளத்தில் பூச்சியமும் வெறுமையும் ஒன்றில்லை. பூச்சியம் என்றால் எண்ணினோம், ஒருவரும் இல்லை. வெறுமை என்றால் இந்தக் கேள்விக்கு இங்கே விடை எழுதப்படவில்லை. 1901ஐப் பொறுத்தவரை உண்மை இரண்டாவது தான்.

எங்களில் இன்னொருவன் போஸ்ட்கிரேஸ் ஆள். அவன் தன் பக்கம் குரொஸ்டாப் என்ற செயற்கூறை வைத்து முயன்றான். அதன் எளிய வடிவம் நிரல்களின் பேரைப் பார்க்காது. வருகிற பெறுமதிகளை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போகும். எழுத்து வரிசைப்படி "இந்தியத் தமிழர்" முதலில் நின்றது. ஆகவே 1901இன் ஒன்பதரை இலட்சம் பேரும் மொத்தமாக அந்த நிரலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் எல்லோரும் ஒரே நொடியில் இந்தியத் தமிழர்! சிரித்தோம். ஆனால் ஒரு மடிக்கணினி நம்மைப் பூச்சியமாக்கியது, மற்றது மற்றவர்களையும் நம்மோடு சேர்த்து ஊர் மாற்றியது. இரண்டும் "பிழையில்லை" என்று தான் சொன்னது.

பனையோலையில் இருந்து செக்ரோல் வரை

ஆட்களை நிரையாக எழுதி வைப்பது கண்டிக்குப் புதிதில்லை. 1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போகும் முன்பே இங்கே லேகம் மிட்டி என்ற ஓலைப் பதிவேடுகள் இருந்தன. எந்த ஊர், எந்தக் காணி, அதை வைத்திருப்பவர் அரசனுக்கு என்ன ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர், என்ன கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் காலத்திலும் பதிவேடு ஆளுக்காக எழுதப்படவில்லை. ஆளிடமிருந்து வாங்க வேண்டியதற்காக எழுதப்பட்டது.

பிறகு கோப்பி வந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொருவையில் போட்டார். 1854இல் தோட்டத் துரைமார் சங்கம் கண்டியில் உருவானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்தது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்க, தேயிலை மலையெல்லாம் பரவியது. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஆட்கள் தான் இதையெல்லாம் கையால் செய்தார்கள். அங்கே ஊரில் இதற்குப் பேர் "கண்டிச் சீமை". இலங்கை முழுவதுக்கும் ஒரு நகரத்தின் பேர்.

இந்தத் தோட்டங்களில் உருவான ஒரு அட்டவணை தான் செக்ரோல். இடது பக்கம் ஆட்களின் பேர், மேலே 1 முதல் 31 வரை திகதி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்து, அந்த நாளின் கட்டத்தில் குறி போடுவார்கள். முழு வேலைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: "இன்னைக்கு அரைப் பேருதான் விழுந்துச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே கூடையை இறக்கி வைப்பார். கூலிக்கே "பேர்" என்று பேர். ஒரு மனிசி தன் பேருக்கு எதிரே பேர் விழுந்தால் தான் அன்றைக்கு இருந்தாள்.

கவனித்துப் பாருங்கள், செக்ரோல் ஏற்கெனவே பிவட் ஆன அட்டவணை. நாள்கள் நிரல்களாக நிற்கின்றன. துரைக்கும் கிளாக்கருக்கும் மாசக் கடைசியில் ஒரே பார்வையில் கூட்ட வசதி. அதைத் தரவுத்தளத்தில் போட வேண்டுமென்றால் முதலில் திருப்பிக் கழற்ற வேண்டும்: ஆள், திகதி, பேர் என்று ஒரு நாளுக்கு ஒரு நிரை. ஒரு ஆளுக்கு ஒரு மாதத்தில் முப்பத்தொரு நிரை வரைக்கும் வரும். அப்படிக் கழற்றினால் தான் செக்ரோலில் கண்ணுக்குப் படாத கேள்விகளைக் கேட்கலாம். எந்த மாதங்களில் அரைப் பேர் அதிகம்? மழைக் காலமா, காய்ச்சல் காலமா? ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து எத்தனை நாளில் திரும்பப் பேர் விழத் தொடங்குகிறது?

இந்த அடிப்படை யோசனை எட்கார் கொட் என்பவருடையது. இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1970 ஜூனில் வெளியான ஒரு கட்டுரையில் தொடர்புடைத் தரவுத்தளம் என்ற மாதிரியை முன்வைத்தார். ஒரே மாதிரியான தகவல் பக்கவாட்டில் திரும்பத் திரும்ப நீண்டுகொண்டு போகக் கூடாது, ஒரு கட்டத்தில் ஒரு பெறுமதி தான் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கும் அவரிடமிருந்து வந்தது. 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் அதற்கு ஒரு வினவல் மொழி செய்தார்கள். முதலில் பேர் சீக்குவல், பிறகு எஸ்.கியூ.எல். நிரைகளைச் சேமிக்க, தேட, கூட்ட அந்த மொழி அருமை. ஆனால் நிரையை நிரலாக்க அதில் நேரான சொல் நீண்ட காலம் இருக்கவில்லை. கேஸ் என்பது 1992 நியமத்தில் வந்தது. மைக்ரோசொஃப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் 2005 பதிப்பிலும், ஒரக்கிள் 2007இல் வந்த 11ஜி பதிப்பிலும் பிவட் என்ற சொல்லைச் சேர்த்தன. மைஎஸ்.கியூ.எல்.இல் இன்னும் அந்தப் பழைய கேஸ் வழி தான்.

எந்த வழியில் போனாலும் ஒரு நிபந்தனை மாறாது. வினவல் ஓடத் தொடங்கும் முன்பே நிரல்கள் எத்தனை, அவற்றின் பேர் என்ன என்று தீர்மானமாகியிருக்க வேண்டும். நிரைகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், போகலாம். நிரல் அப்படி இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, தரவைப் பார்க்கும் முன்பே, தலைப்புகளை எழுதியாக வேண்டும். நீங்கள் எழுதாத தலைப்புக்குரிய நிரைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு எஸ்.கியூ.எல். மறந்து போய் வேறொன்று ஞாபகம் வந்தது.

1911: ஒரு நிரல் இரண்டாகிறது

இலங்கையின் முதல் முழுக் குடிசன மதிப்பீடு 1871 மார்ச்சில் நடந்தது. எண்ணப்பட்டவர்கள் 24 இலட்சம். அதிலிருந்து 1901 வரை தமிழர் என்பது ஒரே தலைப்பு. 1901 மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய அட்டவணையில் பருத்தித்துறை மீனவரும் தெல்தோட்டைக் கொழுந்துக்காரியும் ஒரே நிரலில் நின்றார்கள்.

1911 மதிப்பீட்டை நடத்தியவர் ஈ. பி. டென்ஹாம். அந்த வருஷம் தமிழர் என்ற நிரல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரிந்தது. விளைவு: முன்னவர் 5 இலட்சத்து 28 ஆயிரம், பின்னவர் 5 இலட்சத்து 31 ஆயிரம். கிட்டத்தட்ட சரி பாதி. இரண்டையும் கூட்டினால் 10 இலட்சத்து 59 ஆயிரம். 1901இன் ஒன்பதரை இலட்சத்தோடு ஒப்பிட்டால் கோடு அமைதியாக ஏறிக்கொண்டு போகிறது. தாவல் எதுவும் கிடையாது. எங்கள் வரைபில் தாவியது தலைப்பு.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வடக்கு கிழக்குத் தமிழரின் சரித்திரமும் தோட்டத் தமிழரின் சரித்திரமும் வேறு வேறு. கூலி, கடன், கங்காணி, துண்டு, லயம் என்பதெல்லாம் ஒரு பகுதிக்குத் தனியாக நடந்தவை. ஒரே நிரலில் போட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகும். துண்டு என்றால், ஒரு ஆளின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் மாறலாம். ஆளோடு கடனும் கைமாறும். 1921இல் தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதைத் தனியாக எண்ணிப் பார்க்கத் தனி நிரல் உதவும், அதை மறுக்க மாட்டோம்.

சிக்கல் அந்த நிரலுக்கு வைத்த பேரில். "இந்திய" என்ற சொல் இரண்டு தலைமுறையாக இங்கேயே பிறந்தவருக்கும், போன மாதம் மண்டபத்தில் இருந்து வந்தவருக்கும் ஒன்றாக ஒட்டப்பட்டது. எண்ணுவதற்காக வைத்த தலைப்பு, 37 வருஷம் கழித்து சட்டத்தின் கையில் ஆயுதமானது.

நிரலை முதலில் வெட்டி, ஆட்களைப் பிறகு ஊற்றுதல்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கே பிறந்தது மட்டும் போதாது என்றானது. தகப்பன், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது.

1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால், மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். "இடைவிடாமல்" என்ற சொல்லைப் பாருங்கள். ஊருக்குப் போய் அம்மாவின் சாவுக்குத் தலை காட்டிவிட்டு வந்தவர், ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறியவர், பேரை ஒரு கிளாக்கர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் எழுதியவர், இவர்களின் வாழ்க்கை எழுத்தில் தொடர்ச்சியாக இருக்காது. மனிசர் இருந்தார், நிரை இல்லை. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எழுத்தில் இல்லாத வெறுமையை, நடக்காத பூச்சியமாக வாசித்ததன் விலை அது. எங்கள் "எல்ஸ் 0" செய்த அதே வேலை.

அதன் பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் மொத்தம் 9,75,000 என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரி பாதியாக்கினார்கள்.

வழக்கமாக முதலில் நிரைகள் இருக்கும், அவற்றைக் கூட்டி நிரலின் தொகை வரும். இங்கே தலைகீழ். நிரலின் அடியில் தொகையை முதலில் எழுதிவிட்டார்கள். அதற்குச் சரியாக வரும்படி ஆட்களைத் தேடி ஊற்ற வேண்டும். அந்த ஆட்களை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் கோரியபோது இந்தியாவுக்கு எழுதிப் போட்டவர்கள் 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கையில் இருக்கவே விரும்புகிறோம் என்று எழுதிப் போட்டவர்கள் 3,00,000ஐ எங்கேயோ தாண்டிவிட்டார்கள். மனிசர் தங்கள் நிரலைத் தாங்களே சொல்லிப் பார்த்தார்கள். அட்டவணை கேட்கவில்லை.

கண்டியில் இருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் தான் மலையகத்து ஆட்களின் பாஸ்போர்ட் வேலை நடந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியா, ஒருவருக்கு இலங்கை என்று விழுந்த வீடுகள் உண்டு. தலைமன்னாருக்குப் போகும் ரயிலைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஏறியவரும் அழுதார், பிளாட்பாரத்தில் நின்றவரும் அழுதார்.

அந்தப் பக்கம் இறங்கியதும் என்ன பேர் கிடைத்தது? இங்கே "இந்தியத் தமிழர்" என்று எழுதப்பட்டவரை, கூடலூரிலும் கோத்தகிரியிலும் "சிலோன்காரங்க", "கண்டிக்காரங்க" என்றார்கள். ஒரே ஆள், இரண்டு அட்டவணை, இரண்டிலும் அடுத்த ஊர்க்காரர் என்ற நிரல்.

குறைந்த கோடு

இனி எங்கள் வரைபின் மற்றப் பாதிக்கு வருவோம். 1971இல் 11.7 இலட்சமாக இருந்த கோடு 1981இல் 8.2 இலட்சத்துக்கு விழுகிறது. பத்து வருஷத்தில் மூன்றரை இலட்சம் குறைவு. பிள்ளைகளுக்குக் காட்டினால் உடனே "எல்லாரும் இந்தியா போயிட்டாங்க" என்று முடித்துவிடுவார்கள். பெரிய பகுதி உண்மை. ஆனால் முழுக் காரணம் அது இல்லை. பக்கத்து நிரலைப் பாருங்கள், 14.2இல் இருந்து 18.9க்கு ஏறியிருக்கிறது. கப்பல் ஏறிப் போனவர்கள் ஒரு பகுதி. குடியுரிமை கிடைத்த பிறகு, அல்லது பயத்தில், அல்லது "நான் இங்கே பிறந்தவன் தானே" என்ற நியாயத்தில், இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்கள் இன்னொரு பகுதி. அவர்கள் எங்கேயும் போகவில்லை. அதே லயம், அதே மலை. அட்டவணையில் மட்டும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. நாடற்றவர் என்ற நிரல் சட்டத்தில் மூடப்பட்டது. ஆனால் குடிசன மதிப்பீட்டின் பழைய தலைப்பு அப்படியே நின்றது. 2012இல் 8.4 இலட்சம் பேர் இன்னும் "இந்தியத் தமிழர்" தான். இங்கே வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் தங்களை மலையகத் தமிழர் என்று தான் சொன்னார்கள். 2024 மதிப்பீட்டில் அந்தப் பேரும் தலைப்பில் சேர்ந்தது. ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் வந்தவர்கள் நாட்டுச் சனத்தொகையில் 3 வீதத்துக்கும் கீழே. பேர் கிடைத்த நேரத்தில் எண் இன்னும் சுருங்கியிருக்கிறது. எத்தனை பேர் கட்டம் மாறினார்கள் என்று கூட்டுத்தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது தான் கூட்டுத்தொகையின் குணம்.

இன்னொரு சின்ன ஆபத்தும் இருக்கிறது. எங்கள் வினவலில் "இந்தியத் தமிழர்" என்று தான் எழுதியிருக்கிறோம். 2024இன் எண்ணைப் புதிய தலைப்போடு அப்படியே உள்ளிட்டால், எழுத்துப் பொருந்தாது, திரும்பவும் பூச்சியம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு அதே பிழை, இந்த முறை நம்முடைய சொந்தப் பேரால்.

கடைசியில் என்ன செய்தோம்

வகுப்புக்குப் போகும் முன் வினவலைத் திருத்தினோம். அதைச் சொல்லி முடிக்கிறோம், உங்களுக்கும் உதவும்.

முதலாவது, இனங்களின் தலைப்பை நாங்களாக எழுதுவதை நிறுத்தினோம். முதல் வினவலில் தரவிடமே கேட்டோம்: உன்னிடம் என்னென்ன பேர்கள் இருக்கின்றன? வந்த பட்டியலை வைத்து இரண்டாவது வினவலின் நிரல்களை அமைத்தோம். அப்போது "தமிழர்" என்ற பழைய தலைப்பும் தனக்கென்று ஒரு நிரலோடு வந்து நின்றது. 1901 வரை அதில் எண், பிறகு கோடு.

இரண்டாவது, எல்ஸ் 0 கிடையாது. வெறுமையை வெறுமையாகவே விட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு, "இந்த ஆண்டில் இப்படிப் பிரித்து எண்ணவில்லை" என்று அடியில் எழுதினோம்.

மூன்றாவது, கடைசியில் மொத்தத் தமிழர் என்று ஒரு நிரல் சேர்த்தோம். 1901இல் இருந்து அந்தக் கோடு உடையாமல் போவது பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று.

நான்காவது, நிரைகளாக இருந்த மூல அட்டவணையை நாங்கள் தொடவில்லை. பிவட் என்பது ஒரு பார்வை. பார்வை பிழைத்தால் திரும்ப எழுதலாம். மூலத்தையே திருப்பி எழுதிவிட்டால் அப்புறம் போனது போனது தான்.

வகுப்பில் இரண்டு வரைபையும் அடுத்தடுத்துக் காட்டினோம், பிழையானதை முதலில். ஒரு பையன் கேட்டான், "அப்ப கணக்கெடுக்க வந்தா நாம என்னன்னு சொல்றது?" நாங்கள் விடை சொல்லவில்லை. கேட்டவனுக்கு வயது 14, அடுத்த மதிப்பீட்டில் அவனே வாயைத் திறந்து சொல்வான். சொல்லும்போது அந்தத் தலைப்புகளை எழுதியது யார், எப்போது என்று தெரிந்து சொன்னால் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டி, எங்கே இருந்தாலும் சரி, வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளத் துண்டு, பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், கிழிந்த செக்ரோல் பக்கம், ஏதாவது இருக்கும். எறும்பும் ஈரமும் தின்னும் முன்னே ஒரு படம் எடுத்து, அதில் உள்ளதை உள்ளபடி, பேரின் எழுத்துப் பிழையோடு சேர்த்து, ஆளுக்கு ஒரு நிரையாக எழுதி வையுங்கள். தலைப்பைப் பற்றிப் பிறகு சண்டை பிடிப்போம்.

அந்த உயர்தரக்காரி இப்போது தன் பாட்டியின் அம்மாவுக்கு ஒரு நிரை எழுதியிருக்கிறாள். பேர், புசல்லாவை, 189 என்று மூன்று இலக்கம். கடைசி இலக்கம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அவள் பூச்சியம் போடவில்லை.